உப்புத் தண்ணியும் வண்டித்தடமும்

வீடு பார்க்க வருகிறவர்கள் முன்பக்கத்து எலிவேஷனைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் பின்பக்கம் போய் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிடுவேன். மேல்தொட்டித் தண்ணீர் எனக்கு வேண்டாம். போரிலிருந்து நேராக வருகிற தண்ணீர் வேண்டும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஒரு டம்ளரில் பிடித்து, சட்டைப்பையில் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அதில் முக்குவேன். எங்கள் திருப்பூர் வீரபாண்டியில் விலை பேசுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய எண் அதுதான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே தரம். அந்த 2,000-ஐத் தாண்டிய போர்களை எங்கள் பக்கத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

பல்லடம் ரோட்டிலிருந்து வீரபாண்டி பிரிவில் திரும்பி உள்ளே வந்தால் இன்று கண்ணில் படுவது பனியன் கம்பெனிகள், நிட்டிங் யூனிட்டுகள், பேக்கரிகள், லைன் வீடுகள், நடுநடுவே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் காலி சைட்டுகள். எல்லாம் ஒரு காலத்தில் தோட்டம். கிணற்றில் தண்ணீர் கீழே போனது, பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போனார்கள், தோட்டம் துண்டு துண்டாகக் கை மாறியது. சிலது சாயப்பட்டறை ஆனது, சிலதில் லைன் வீடு எழும்பியது, மிச்சத்தில் கல் நட்டு சைட் போட்டார்கள். ஒரே சர்வே நம்பர் இந்த மூன்று வேஷத்தையும் பார்த்திருக்கும். அதனால்தான் இங்கே இடம் வாங்க வருகிறவர்களிடம் நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அந்த மண் முன்னால் என்னவாக இருந்தது என்று கேளுங்கள். பத்திரம் அதில் பாதியைத்தான் சொல்லும். மீதியைத் தண்ணீரும் தடமும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரும் சொல்வார்கள்.

சாயப்பட்டறைக் கதை ஊருக்கே தெரிந்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு போட்டாக வேண்டும். ஏற்றுமதி ஏற ஏற அந்த உப்புத் தண்ணீர் பள்ளங்களில் ஓடி, நொய்யலில் கலந்து, மண்ணுக்குள் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் இடமாகிப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. வீரபாண்டியின் பெயரிலேயே ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அப்புறம் முறை மாறியது. இப்போது பட்டறைகள் தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகின்றன. அதற்கு முன்பே மண்ணுக்குள் போன உப்பு இன்னும் போரில் வருகிறது.

குடிக்க முடியாது என்பதோடு இது நிற்பதில்லை. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று ஐஎஸ் 456 சொல்கிறது. இந்தப் பகுதியில் அவசரமாக எழும்பிய பல வீடுகள் சைட்டிலேயே போட்ட போர்த் தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரில் நனைத்து எழுந்தவை. அந்த உப்பு கான்கிரீட்டுக்குள் இருந்துகொண்டு கம்பியை அரிக்கும். ஏழெட்டு வருஷத்தில் சன்ஷேடின் அடியில் கம்பி போகிற வரியிலேயே விரிசல் விடும். அப்புறம் பெயர்ந்து விழும்.

பழைய வீட்டை விற்கிறவர் முதலில் செய்வது பெயிண்ட் அடிப்பது. புதுப் பெயிண்டைப் பார்த்தால் நான் இன்னும் கவனமாகிவிடுவேன். பீரோவை ஓரடி நகர்த்தச் சொல்லிப் பின்சுவரைப் பார்ப்பேன். செல்ஃபின் கீழ்த்தட்டுக்கு உள்ளே விரலை விட்டுத் தேய்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டும்; அது உப்பு பூத்தது. பாத்ரூமுக்கு வெளிச்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு பொரிந்திருந்தால் ஓதம் ஏறுகிறது. மாடிப்படிக்கு அடியிலும் சன்ஷேடின் கீழும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போவேன். 'டக் டக்' என்று வருகிற இடம் சரி. 'டொப்' என்று சத்தம் மாறுகிற இடத்தில் பூச்சுக்குள் கான்கிரீட் பிளந்திருக்கிறது. இதையெல்லாம் பார்க்கக் கால் மணி நேரம் போதும். நாற்பது லட்சம் கொடுத்து வாங்குகிற வீட்டுக்கு அந்தக் கால் மணி நேரம் செலவழிக்காதவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டரில் வருகிற எண் மொத்த உப்பைத்தான் காட்டும், குளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ, கட்டடப் பொருள் சோதிக்கும் தனியார் ஆய்வகத்திலோ கொடுத்து ரிப்போர்ட் வாங்குங்கள். அளவு மீறியிருந்தால் கான்கிரீட்டுக்கும் கியூரிங்குக்கும் லாரித் தண்ணீர்தான். வேறு செலவைக் குறையுங்கள். டைல்ஸை அடுத்த தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளலாம், கம்பியை மாற்ற முடியாது.

நான் இந்தப் புரோக்கர் தொழிலுக்கு வந்தது ரூம் பிடித்துக் கொடுத்துத்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருந்தபோது தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு லைன் வீடு பார்த்துச் சொல்வேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை குடிமாற்றி, திங்கட்கிழமை ஷிப்டுக்கு வந்துவிட வேண்டும் அவர்களுக்கு. யார் வீட்டில் நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எந்த காம்பவுண்டில் கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, எந்த வீட்டுக்கார அம்மா இரவு ஷிப்டு முடிந்து வருகிற பெண்களுக்கு முகம் சுளிக்காமல் கேட் திறப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்புறம் வடக்கே பீகார், ஒடிசாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தேவை அதேதான்.

லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுவது இந்த ஊரில் பலருக்கு ஓய்வூதியம். அதில் இரண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதலாவது கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். எட்டுக் குடும்பத்துக்கு ஒரே மீட்டர் வைத்தால் அத்தனை பேரின் யூனிட்டும் ஒன்றாகக் கூடி உயர்ந்த விலைக்குப் போய் நிற்கும், அதைக் குடியிருப்பவர் தலையில் பிரித்துப் போடுவார்கள். மாதம் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து சம்பாதித்த காசு இப்படிப் போவது நியாயமே கிடையாது. கதவுக்கு ஒரு இணைப்பு வாங்க முடிகிற இடத்தில் வாங்கிக் கொடுங்கள். ஆள் நிற்பார்கள், வீடு காலியாகக் கிடக்காது. இரண்டாவது, குடியிருக்கிறவர் முன் அறையில் இரண்டு பவர் டேபிளும் ஒரு ஓவர்லாக் மெஷினும் போட்டு ஜாப் ஒர்க் ஆரம்பிப்பது. பிழைக்க வந்தவரைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் வீட்டு இணைப்பில் தொழில் ஓடினால் மின்வாரியத்தின் அபராத நோட்டீஸ் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். முன்கூட்டியே பேசி, இணைப்பின் வகையை மாற்றிக்கொண்டு தொழில் செய்யச் சொல்ல வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் எழுதுகிற பழக்கம் லைன் வீடுகளில் இல்லவே இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவும் கூடாது. வாயால் பேசிய அட்வான்ஸைக் காலி செய்யும்போது 'பெயிண்டுக்கு', 'மோட்டாருக்கு' என்று பிடித்துக்கொள்வது இங்கே தினசரி நடப்பு. இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தால் அந்தப் பேச்சே வராது.

வாடகை வீடுகளின் நாடித்துடிப்பு பனியன் கம்பெனிகளின் ஆர்டரோடு சேர்ந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் வரிசை வரிசையாகக் கதவுகள் பூட்டிக் கிடந்ததை நான் பார்த்தேன். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்காவின் 50 சதவீத வரி அமலுக்கு வந்தபோது ஓவர்டைம் நின்ற கம்பெனிகளின் ஆட்கள் முதலில் கேட்டது சின்ன வீடு. வாடகையை நம்பிக் கடன் வாங்கி லைன் வீடு கட்டுகிறவர், பாதிக் கதவு ஆறு மாதம் காலியாகக் கிடந்தாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டட்டும்.

இனி தடம். கொங்குப் பக்கத்தில் தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் கிளுவை வேலியோடு போகிற இட்டேரியைப் பார்த்திருப்பீர்கள். மாட்டு வண்டி போன பாதை. அதில் சில இட்டேரிகள் அரசு கணக்கில் தனி எண்ணோடு பாதைப் புறம்போக்காக இருக்கும். சில இட்டேரிகள் இரண்டு தோட்டத்துக்காரர்கள் ஆளுக்கு இரண்டு முழம் விட்டுக்கொடுத்து உண்டாக்கியவை. அவை பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தட பாத்தியம்' என்று ஒரு வரியாக மட்டும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வாங்குகிறவனுக்கு இரண்டும் வேறு வேறு.

இரண்டு ஏக்கர் தோட்டம் ஒன்றை வாங்கிச் சைட் போட்டார்கள். உள்ளே ரோடு அகலமாக, நேராக, இரண்டு பக்கமும் வேப்பங்கன்று வைத்து அழகாக இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து அந்த இடத்துக்கு வருகிற வழி மட்டும் பழைய இட்டேரி. ஒரு டைலர் குடும்பம் என்னிடம் வந்து அந்தச் சைட்டைக் காட்டி, 'விலை சல்லிசா இருக்குதுங்கண்ணா, அட்வான்ஸ் போட்டுரலாமுங்களா?' என்று கேட்டது. புல எல்லைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். பாதைக்கென்று தனி உட்பிரிவு இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி நிதானமாகச் சொன்னார்: 'எங்கப்பாரு அவங்க வண்டி போறதுக்குத் தடம் உட்டாருங்க. லாரி போறதுக்கும் அறுவது குடும்பம் போறதுக்கும் உடலீங்க.' அவர் கையில் பத்திரம் இருந்தது. அவர் சொன்னது அதில் அப்படியே இருந்தது. அந்தக் குடும்பத்தை நான் வாங்க விடவில்லை. வேறு ஆட்கள் வாங்கினார்கள். அந்தத் தடத்தில் கல் நட்டு, வழக்காகி, பேங்க் லோனும் பிளானும் நின்றுபோயின.

ஆகவே சைட்டின் முன்னால் போகிற ரோட்டைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். தார் ரோடு வரைக்கும் நடந்து போய், வழி முழுக்க யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். புல எல்லைப் படம் அரசின் இ-சேவை தளத்திலேயே கிடைக்கிறது. அங்கீகாரம் பெற்ற லே-அவுட் என்றால் ரோடும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தானப் பத்திரத்தின் எண்ணைக் கேளுங்கள். 'ரோடு எல்லாருக்கும் பொதுங்க' என்று வாயால் சொல்லுகிறவர் அந்த எண்ணைத் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

அங்கீகாரம் என்றதும் பஞ்சாயத்து அப்ரூவல் பற்றிச் சொல்லியே தீர வேண்டும். 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேரும் வரை வீரபாண்டி தனி ஊராட்சி. அந்த நாட்களில் தலைவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய படத்தை வைத்து எத்தனையோ சைட்டுகள் விற்றன. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது நகர் ஊரமைப்புத் துறை, அதாவது எல்லோரும் சொல்கிற டிடிசிபி. பஞ்சாயத்து முத்திரை அதற்கு ஈடாகாது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டபோது ஊரே திகைத்தது. அதன்பின் அரசு 2016 அக்டோபர் 20-ஐ எல்லைக் கோடாக வைத்து, அதற்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் கொண்டுவந்தது.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த எல்லைக் கோட்டுக்கு முன்பே மனையாகப் பதிவாகியிருந்த சைட்டை, வரன்முறை செய்யாவிட்டாலும், மறுபடி விற்றுப் பதிய முடியும். அதனால் 'பத்திரம் ஆகுதே, அப்புறம் என்னங்க?' என்று கேட்டுக்கொண்டே வாங்கிவிடுகிறார்கள். பத்திரம் ஆகும். வீடு கட்டப் பிளான் போட்டால் வரன்முறை உத்தரவு எங்கே என்று கேட்பார்கள். பேங்கிலும் அதையே கேட்பார்கள். அப்போது வரன்முறைக் கட்டணத்தையும் வளர்ச்சிக் கட்டணத்தையும் சுமப்பது வாங்கினவர்தான். வரன்முறை உத்தரவில் இரண்டு படி உண்டு: மனைப்பிரிவு மொத்தத்துக்கும் ஒன்று, உங்கள் தனி மனைக்கு ஒன்று. விற்கிறவர் முதலாவதைக் காட்டி 'எல்லாம் ஆயிருச்சுங்க' என்பார். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

புது லே-அவுட்டோ அப்பார்ட்மெண்ட்டோ என்றால் நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலும், வீடுகள் எட்டைத் தாண்டினாலும் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். அப்படிப் பதிவான புராஜெக்டை விற்றுக்கொடுக்கிற என்னைப் போன்ற ஏஜென்டும் பதிந்திருக்க வேண்டும். என் பதிவு எண்ணைக் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கேட்காதவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

பத்திரங்களைப் படிக்க வக்கீல் இருக்கிறார். வக்கீலுக்குப் பத்திரத்தில் இருப்பது தெரியும். குடும்பத்தில் இருப்பது தெரிய வேண்டுமென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவர் தன் அப்பா காலத்து இடத்தை விற்கக் கொண்டுவந்தார். பட்டா அவர் ஒருவர் பெயரில் சுத்தமாக இருந்தது. 'கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?' என்று கேட்டேன். 'ரண்டு அக்காங்க. அவங்களுக்கெல்லாம் அப்பவே நகை போட்டுச் சீர் செஞ்சு அனுப்பியாச்சுங்க' என்றார்.

சீர் வேறு, பாகம் வேறு. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் இறந்துபோனால் 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் பெண்ணுக்குப் பங்கு கொடுத்தது. 2005-இல் மத்திய சட்டம் வந்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சந்தேகமில்லாமல் தெளிவாக்கியது. பட்டா ஒருவர் பெயரில் இருப்பது வரி கட்டுகிறவர் யார் என்று காட்டும். மற்ற வாரிசுகளின் உரிமையை அழிக்காது. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. 'அக்காளுக்கிட்டப் போயி என்னன்னு கேக்கறதுங்க?' என்றார். கோபத்தைவிட அதில் கூச்சம்தான் அதிகம்.

நானும் கூடப் போனேன். மூத்த அக்கா தாராபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தார். தம்பி வாயே திறக்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: 'இத்தனை வருசத்துல ஆரும் என்னைய ஒரு வார்த்தை கேக்கலையேடா சாமி. கேட்டிருந்தாக் கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லியிருப்பனா?' தம்பி அழுதுவிட்டார். விலையில் அக்காக்கள் இருவருக்கும் ஒரு தொகை ஒதுக்கி, மூன்று பேரும் சேர்ந்தே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தொகையை நான் வற்புறுத்தித்தான் எழுத வைத்தேன். உரிமையை விட்டுக்கொடுக்கிற பெண்களை எல்லோரும் புகழ்கிறோம். அவர்களுக்கும் மகள் கல்யாணமும் ஆஸ்பத்திரிச் செலவும் இருக்கிறது. விற்காமல் ஒருவரே வைத்துக்கொள்வதானால் குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் போடலாம். முத்திரைத் தீர்வை 40,000 ரூபாய்க்கு மேலும், பதிவுக் கட்டணம் 10,000-க்கு மேலும் போகாது என்று 2023 ஜூலையில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

திருப்பூரில் இன்னொரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: ஒரிஜினல் பத்திரம் எங்கே? 'வீட்டு லோன் இருக்குதுங்களா?' என்றால் 'இல்லீங்க' என்று உண்மையாகவே சொல்வார்கள். வீட்டுக்கு லோன் இருக்காது. கம்பெனி ஓட்டத்துக்கு வாங்கிய கடனுக்கு வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கும். சில நேரம் மச்சானின் கம்பெனிக்கு, சில நேரம் பார்ட்னரின் கடனுக்கு. ஆர்டர் நன்றாக ஓடும் வரை அந்தப் பத்திரத்தை யாரும் நினைப்பதில்லை. தனியாரிடம் கைமாற்றுக்கு வைத்த பத்திரம் இன்னும் மோசம், அது வில்லங்கச் சான்றில் தெரியவே தெரியாது. ஜெராக்ஸைக் காட்டி விலை பேசினால் நான் அடுத்த வார்த்தை பேசுவதில்லை.

வில்லங்கச் சான்றை 30 வருஷத்துக்காவது எடுங்கள். 1975-க்குப் பின் உள்ள பதிவுகளைப் பதிவுத் துறையின் தளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியதை அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். ஊர் வளர வளரச் சார்பதிவாளர் அலுவலக எல்லைகள் மாறியிருக்கும். பழைய காலத்தில் அந்தக் கிராமம் எந்த அலுவலகத்தில் இருந்ததோ அங்கேயும் தேடச் சொல்லுங்கள். பதியாத உயிலும் கோர்ட் வழக்கும் வில்லங்கத்தில் வராமலே போகலாம். அதைத்தான் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். 'பவர்' என்கிற அதிகாரப் பத்திரம் வாங்கியவர் விற்க வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பவர் மட்டும் வாங்கிவிட்டால் சொத்து வந்துவிடாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

பணம் பேசும் இடத்தில் எனக்கும் மற்ற புரோக்கர்களுக்கும் அடிக்கடி சண்டை வரும். இங்கே வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதி, மீதியை ரொக்கமாகக் கொடுப்பது பழகிப்போய்விட்டது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் என்பது பெரிய சுமைதான், மறுக்கவில்லை. 30 லட்சத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் ஆகிறது. ஆனால் பாதிப் பணத்தை மறைத்தால் பேங்க் பத்திரத்தில் எழுதின பாதிக்குத்தான் லோன் தரும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் லாபம் அதிகமாகி வருமான வரி உங்கள் மேல் விழும். ஏதாவது தகராறு என்று கோர்ட்டுக்குப் போனால் எழுதின தொகையைத்தான் திருப்பிக் கேட்க முடியும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், அந்தப் பணத்தை வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தவருக்கு இந்த விளையாட்டு வேண்டாம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. ஒன்றரை, இரண்டு செண்ட் வாங்கும் தம்பதிகளிடம் இதைச் சொல்லி, மனைவி பெயரில் பதியச் சொல்கிறேன். இருபது வருஷம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர் பெயர் பத்திரத்தில் இருப்பது எனக்குச் சந்தோஷம்.

அட்வான்ஸ் ஒப்பந்தத்தை இன்னமும் 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதிந்தால்தான் வில்லங்கத்தில் ஏறும், விற்கிறவரும் வேறு ஒருவருக்கு விற்கத் துணியமாட்டார்.

கமிஷன் விஷயத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விற்பனையில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று இரண்டு பக்கமும் பேசுவது, வாடகைக்கு ஒரு மாத வாடகை வாங்குவது வழக்கம். அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். விற்கிறவர் சொன்ன விலைக்கு மேலே வைத்து விற்று இடைப்பணத்தை எடுத்துக்கொள்வதை எங்கள் தொழிலில் சாமர்த்தியம் என்கிறார்கள். எனக்கு அது திருட்டு. இரண்டு தரப்பையும் நேரில் உட்கார வைக்காத புரோக்கரிடம் வாங்காதீர்கள்.

பத்திரம் முடிந்த அன்றே ஹோட்டலில் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வேலை அங்கே முடிவதில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு வில்லங்கச் சான்று போட்டு, உங்கள் பெயர், சர்வே எண், அளவு எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எண் மாறினாலும் எழுதிக் கொடுத்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுக்கொள்வது சுலபம். சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றுங்கள். முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால் பட்டா தானாக மாறிவிடும். ஒரு பகுதியை வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்தாக வேண்டும். அவர் வருகிற நாளில் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுச் சைட்டில் நில்லுங்கள். நான்கு பக்கத்துக்காரர்களையும் முன்கூட்டியே கூப்பிட்டு வையுங்கள், சங்கிலி பிடிக்கும்போது அவர்கள் கண்ணெதிரிலேயே கல்லை நடுங்கள். நட்ட கல்லுக்குப் பக்கத்தில் அவர்களையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து, பத்திரக் கட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.